பெரேராவும் மாமாவின் பல்லும்

மகனே, நீ தொலைபேசியை எடுக்கிறாய் இல்லை. எடுத்தாலும் என் இடது காது கேட்காது. அதனால் எழுதுகிறேன். இது என் கை எழுத்து. வேறொருவரும் எழுதித் தரவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு எழுத்துச் சொல்லித் தரும் ரீச்சர், “ஐயா, உங்கட கொம்பெல்லாம் மாட்டுக் கொம்பு மாதிரிக் கிடக்கு” என்று சிரிக்கிறா. சிரிக்கட்டும். இந்த வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாம் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடுகிறது, அதையும் ருசித்துக் குடிக்கிறேன். நீயும் மெதுவாக வாசி. அம்மா உன்னை அகப்பைக் காம்பால் அடித்து அடித்துத்தான் தமிழ் படிப்பித்தாள். அந்த அடி வீணாகக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை உன் கலியாணம். போன ஞாயிற்றுக்கிழமை நீ தர்சினியின் தாய்மாமன் இரத்தினத்தின் முன்பற்களை உடைத்தாய். அந்தப் பெண்ணுக்குத் தகப்பன் இல்லை. அவளைக் கைப்பிடித்துத் தர வேண்டியவர் அந்த மாமாதான். அவர் மண்டபத்துக்கு வரமாட்டேன் என்கிறார். அவர் வராவிட்டால் தானும் மணவறையில் ஏறமாட்டேன் என்று தர்சினி சொல்கிறாள். நீயோ புவாண்ட்-கிளேரில் உன் அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாய். அன்று காருக்குள் நீ சொன்ன சொல் மட்டும் எனக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. “அப்பா, இந்தப் பெரேரா எனக்கு வேண்டாம். தர்சினி வீட்டாக்களைப் போல உங்கட சொந்தப் பேரை எனக்குப் பின்னால போடுறன். கலியாணத்துக்கு முதலே மாத்துறன்.”

என் பெயர் உன் பெயருக்குப் பின்னால் வருவது எனக்குக் கசக்குமா? ஆனால் நீ கழற்றி எறியப் போகும் பெயர் எங்கெங்கே அலைந்து உன்னிடம் வந்தது என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன். நல்ல கதையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதே. அதில் இரத்தம் நிறைய இருக்கிறது.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ அங்கேதான் நின்றாய், ஆனாலும் கோபத்தில் நின்றவனுக்கு நடந்தது பாதிதான் தெரியும். சாப்பாட்டுக் கடையில் இரண்டு வீட்டாரும், அச்சகத்தில் இருந்து பிந்தி வந்த அழைப்பிதழைப் பங்கு போட வந்திருந்தோம். நான் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தேன். அச்சடித்த என் பெயரை நானே வாசித்த முதல் நாள் அது. ‘பெயர்’ என்ற சொல்லும் ‘பெரேரா’ என்ற சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்குவதைக் கண்டுபிடித்து, அதை அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இரத்தினம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

“பெரேரா குடும்பம். இதென்ன, கொழும்பு பஸ் கொண்டக்டர்ர பேர் மாதிரிக் கிடக்கு.”

“மாமா, அது எங்கட பேர்” என்றாய் நீ.

“உங்கட பேரோ? கப்பல்ல வந்தவன் சூடு வைச்ச பேர் தம்பி, மாட்டுக்குக் குறி சுடுற மாதிரி. சுட்டவன் போயிட்டான். நீங்கள் இன்னும் தழும்பைத் தடவிக்கொண்டு திரியிறியள்.”

நாலு பேர் சிரித்தார்கள். “மாமா, விடுங்கோ” என்றாள் தர்சினி.

“நீ சும்மா இரு பிள்ளை. கலியாணம் கட்டினாலும் பொம்பிளையின்ர பேர் மாறாது எண்டு இந்த ஊர்ச் சட்டம் சொல்லுது, நீ தப்பினாய். பிறக்கிற குஞ்சுகளை நான் பெரேரா எண்டு கூப்பிடுறதோ? சிங்களவன்ர பேர், பறங்கி வைச்ச பேர். ஆர் கண்டது, இவையின்ர பூட்டி எந்தப் பறங்கியோட...”

அந்த வசனம் முடியவில்லை. உன் கை முடித்து வைத்தது. ஒரு அடி என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவர் கதிரையோடு சரிந்த பிறகு நீ சட்டையைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று கொடுத்தாய். பல்லில் ஒன்று ரசக் கோப்பைக்குள் விழுந்தது. அழைப்பிதழ்க் கட்டின் மேல் இரத்தம் தெறித்து, நான் வாசித்துக்கொண்டிருந்த பெயர் நனைந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் முன்பும் பார்த்திருக்கிறேன், வேறு ஆட்களிடத்தில்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு மேசன் வேலை கொடுத்த போர்த்துக்கேயர் மனுவேலை உனக்குத் தெரியும். உனக்கு முதல் பனிச் சப்பாத்து வாங்கித் தந்தவர். பெரேரா என்று ஒரு மேசன் இருக்கிறான் என்று யாரோ சொல்ல, போர்த்துக்கலில் தன் தீவுக்காரன் என்று நினைத்து ஓடி வந்தார். வந்து பார்த்தால் மட்டக்களப்புக்காரன் நான் நிற்கிறேன். அவர் பெயரும் பெரேராதான். இரண்டு பேருக்கும் சிரிப்பு. முதல் நாள் ஒரு பழைய செங்கல் சுவரை இடிக்கிற வேலை. அவர் ஏணியில் நின்றபடி “அலவான்கா!” என்று கத்தினார். மற்றப் பெடியன்கள் முழித்தார்கள். நான் அலவாங்கை, அந்தக் கடப்பாரையை, எடுத்து நீட்டினேன். அவர் ஏணியில் இருந்து விழாதது கடவுள் செயல். இறங்கி வந்து மேசையைத் தட்டி “மேசா” என்றார். நான் “மேசை” என்றேன். “கதெய்ரா” என்றார், “கதிரை” என்றேன். ஜன்னல், சப்பாத்து, துவாய், குசினி என்று மத்தியானம் முழுக்க வேலை நடக்கவில்லை.

“எங்கட வீட்டுச் சாமான் எல்லாத்தையும் களவெடுத்துக்கொண்டு போயிட்டியளே” என்றார் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

“நீங்கள்தான் வந்து விட்டிட்டுப் போனீங்க” என்றேன் எனக்குத் தெரியாத பிரெஞ்சில்.

அவர்தான் சொன்னார், பெரேரா என்றால் நாங்கள் பியர்ஸ் என்று சொல்கிற பேரிக்காயின் மரம் என்று. போர்த்துக்கலின் வடக்கிலும், அதற்கு மேலே ஸ்பெயினின் மூலையிலும் அந்த மரம் நின்ற ஊருக்கெல்லாம் அதுதான் பெயராம். ஊரை ஆண்ட பிரபு ஊர்ப் பெயரைத் தன் பெயராக்கினான். பிறகு அவன் நிலத்தை உழுதவனுக்கும் அதுவே பெயராயிற்று. கப்பல் ஏறியவர்கள் போன இடமெல்லாம் கொண்டு போனார்கள். எங்களோடு சாந்து குழைத்த கொலம்பியாக்காரன் லூயிஸ், தன் நாட்டில் பெரேரா என்று ஒரு நகரமே இருக்கிறது என்று துள்ளினான். எங்கள் கரையில் ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக நின்ற கப்பல்காரனின் பெயரைப் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் பூட்டனுக்கும் பூட்டன் தலையில் தண்ணீர் விழுந்த அன்று அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது வாளா, அரிசி மூட்டையா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இரத்தினத்துக்கும் தெரியாது.

அலவாங்கு என்று எழுதினேன் அல்லவா. அந்தச் சொல்லை எழுதிவிட்டு நேற்று முழுக்க நான் பேனாவைத் தொடவில்லை. தமிழரைத் தேடித் தேடிக் கொன்ற அந்த ஆடி மாதக் கலவரம் நடந்தபோது நான் கொழும்பில் ஒரு கட்டட வேலையில் இருந்தேன். நீ ஊரில் அம்மாவின் மடியில் இருந்தாய். வேலைத் தளத்தில் இருந்து ஒரு வாளியோடு தெருவுக்கு இறங்கினேன், தெரு எரிந்துகொண்டிருந்தது. இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவன் கையில் அலவாங்கோடு என்னை மறித்தான். பின்னால் ஒரு கூட்டம். சிங்களத்தில் பெயர் கேட்டான். பெரேரா என்றேன். அவன் நம்பவில்லை. என் கையில் இருந்த வாளியைக் காட்டி, இது என்ன என்றான்.

நீ எழுத்துப் படித்தவன், நான் இப்போதுதான் கண்டுபிடித்ததைக் கேள். சிங்களத்தில் வாளிக்குப் பால்திய என்று பெயர். அந்த முதல் எழுத்தை நெஞ்சுக்குள் இருந்து அதிர்த்திச் சொல்ல வேண்டும். தமிழில் அந்த அதிர்வுக்குத் தனி எழுத்துக் கிடையாது. பாய்க்கும் பால்தியவுக்கும் ஒரே ‘ப’. ரீச்சர் பலகையில் ப எழுதிக் காட்டிய அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது; அவ சந்தோஷத்தில் என்று நினைத்தா. அந்த ஓர் எழுத்து நாக்கில் தடுக்கித்தான் எங்கள் ஆட்கள் அன்று தெருத்தெருவாகச் செத்தார்கள். நான் தளத்தில் சிங்கள மேசன்களோடு வருடக்கணக்கில் கத்திப் பழகியவன், சரியாகச் சொல்லிவிட்டேன். பிறகு மனுவேல் சொல்லித்தான் தெரியும், அந்தப் பால்தியவும் போர்த்துக்கேயச் சொல்தானாம். கொல்ல வந்தவனின் கையில் இருந்த இரும்பு, அவன் கேட்ட கேள்வி, என்னைக் காப்பாற்றிய பெயர், மூன்றும் ஒரே கப்பலில் வந்தவை.

அவன் என் தோளில் அடித்துச் சிரித்தான். “நானும் பெரேராதான்” என்றான். அலவாங்கை என் கையில் திணித்து, “பிடி, வா” என்றான். நடந்தேன். நடக்காமல் என்ன செய்வது? நாலு வீடு தள்ளி ஒரு மனிதனைச் சைக்கிளில் இருந்து இழுத்து விழுத்தினார்கள். அவரிடமும் வாளியைத்தான் கேட்டார்கள். அவர் வெறும் பாயின் ‘ப’வில் தொடங்கினார். சொல்லை முடிக்க விடவில்லை. பொல்லும் கல்லும் ஒன்றாக இறங்கின. வெடித்த தேங்காய்க்குக் கூட ஒரு சத்தம் இருக்கிறது மகனே, அந்தத் தலைக்கு இருக்கவில்லை. என்னைக் கூட்டி வந்த பெரேரா குனிந்து, அசைவு நிற்கும் மட்டும் காலால் உதைத்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் கோபத்தை விட அவசரம்தான் தெரிந்தது, மழைக்கு முன் வேலையை முடிக்கிறவன் போல. ஒரு முடக்கில் நான் பின்தங்கி, அலவாங்கை வாய்க்காலுக்குள் விட்டுவிட்டு ஓடினேன். அதுவரை என்னை யாராவது கதவிடுக்கால் பார்த்திருந்தால், இரும்போடு வரும் இன்னொரு பெரேராவாகத்தான் கண்டிருப்பார்கள்.

ஊருக்கு வந்து சேர்ந்தேன். கீறல் இல்லாமல் வந்ததுதான் பிழையாகப் போயிற்று. எங்கள் இயக்கப் பெடியன்கள் என்னைக் கூப்பிட்டார்கள். “எல்லாரும் வெட்டுக்காயத்தோட வாறாங்கள், நீ மட்டும் பவுடர் பூசின மாதிரி வாறாய். பேர் பெரேரா. சிங்களம் தண்ணி மாதிரிக் கதைக்கிறாய். ஆருக்கடா நீ வேலை செய்யிற?” என்று கேட்டான் ஒருவன். அவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. “தம்பி, நான் மேசன்” என்றேன். மண் நிரப்பிய குழாயால் அடித்தார்கள். கவிழ்ந்து படுத்திருந்தவனின் காதைப் பார்த்துப் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். உள்ளே ஏதோ நூல் அறுந்தது போல இருந்தது, அதன் பிறகு இடது பக்கத்தில் உலகம் இல்லை. பங்குச் சுவாமியார் வந்து கெஞ்சி என்னை மீட்டார். சின்ன வயதில் நீ என் இடது பக்கம் நின்று அப்பா அப்பா என்று கத்துவாய், நான் திரும்ப மாட்டேன். சுரத்தில் போன காது என்று அம்மா உனக்குச் சொன்னாள். சுரம் இல்லை, மகனே. உன் பெயர்தான்.

இதை ஒருநாள் வேலைத் தளத்தில் மனுவேலுக்குச் சொன்னேன். சாரக்கட்டில் உட்கார்ந்து பாணும் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் பாணைக் கீழே வைத்தார். இளம் வயதில் அவரைப் பிடித்து அங்கோலாவுக்குப் போருக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு கிராமத்தில் ஆண்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கேட்டார்களாம். ஒரு மனிதர், கோயிலில் செபம் சொல்லிக் கொடுப்பவர், “பெரேரா” என்றாராம். மற்றப் படையாட்கள் மனுவேலைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். உன் அண்ணன் வந்திருக்கிறான், போய்க் கட்டிப்பிடி என்று சீண்டியிருக்கிறார்கள். “என்ர பேரை எங்க களவெடுத்தாய் என்று கேட்டேன்” என்றார் மனுவேல். அந்த மனிதர், உங்கள் பாதிரியார்தான் தந்தார் என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். துவக்கின் அடிக்கட்டையால் அவருடைய தாடையை உடைத்திருக்கிறார் மனுவேல். விழுந்த பிறகும் அடித்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் குடிசைகளுக்கு நெருப்பு வைத்தார்களாம். “அவன் உயிரோட இருந்தானோ தெரியாது. அடிக்க அடிக்க, மற்றவங்கள் சிரிக்கிறது மட்டும்தான் என்ர காதில கேட்டது” என்றார். அந்தப் போரில் இருந்து தப்பி ஓடித்தான் இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தார் அவர். உனக்குச் சப்பாத்து மாட்டிவிட்டதும் அதே கைதான். உன் கலியாணத்துக்குக் கோட்டுச் சூட்டுத் தைத்து வைத்திருக்கிறார்.

இந்தப் பெயருக்காகக் கை ஓங்கிய ஒவ்வொருவனுக்கும் ஒரு நியாயம் இருந்தது மகனே. ஒருவனுக்கு நாடு, ஒருவனுக்கு இயக்கம், ஒருவனுக்கு மானம். உனக்குப் பூட்டியின் மானம். உன் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரத்தினம் சொன்னது அசிங்கம். அதை அவருக்கே சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

ஓம், போய்ப் பார்த்தேன். நேற்று. மெட்ரோ இப்போது அவர் இருக்கும் லவால் வரை போகிறது. நிலையப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே போனேன். பிரெஞ்சு எழுத்தையும் ரீச்சர் கொஞ்சம் தொடக்கிவிட்டிருக்கிறா. அம்மா மீன் வெட்டிக்கொண்டு, “போறீங்க, அந்தாளும் உங்களுக்கு ரெண்டு போட்டு அனுப்பப்போகுது. வலது காதையாவது கவனமாக் கொண்டு வாங்க” என்றாள். இரத்தினம் கதவைத் திறந்தார். முகம் பூசணிக்காய் மாதிரி. உதடு ஒட்டாததால் ‘ப’ வரும் இடமெல்லாம் வெறும் காற்றுத்தான் வந்தது; முதல் சொல்லைத் தவிர மற்றதை நான் திருத்தி எழுதுகிறேன்.

“வாங்கோ ஹெரேரா” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லூயிஸ் கேட்டிருந்தால் ஹெரேராவும் எங்கட பேர்தான் என்று துள்ளியிருப்பான். “என்ன சிரிக்கிறியள்? மகன் பல்லை உடைக்கிறான், தகப்பன் வந்து இளிக்கிறார்” என்றார் அவர்.

“அண்ணை, செத்துப்போன பொம்பிளையைப் பற்றி நீங்க அப்படிக் கதைச்சிருக்கக் கூடாது” என்றேன்.

“கூடாதுதான்” என்றார். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சூப்பைக் கரண்டியால் உறிஞ்சிக் குடித்தார். சின்னப்பிள்ளை குடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்டது. பிறகு தலையைத் தூக்காமலே கதைத்தார்.

“உங்களுக்குத் தெரியுமோ, கொழும்பில எங்கட பக்கத்து வீட்டுக்காரன் பெரேரா. சின்னப் பெடியன். என்ர மனிசி அவனுக்குத் தோசை சுட்டுக் குடுப்பா. அந்த ஆடிக் கலவரத்தண்டைக்கு அவன்தான் வந்தவங்களுக்குக் கேற்றைத் திறந்து விட்டவன். இதுதான் வீடு எண்டு கை காட்டினவன். நான் மதிலால மனிசியையும் பிள்ளையளையும் தூக்கிப் போட்டிட்டன். என்ர தம்பி உள்ளுக்கு. காய்ச்சல், எழும்பேலாது. கதவை வெளியால பூட்டி நெருப்பு வைச்சாங்கள். அவன் கூப்பிட்டது ரோட்டு மட்டும் கேட்டது. என்னைக் கூப்பிடேல்ல. பெரேரா, பெரேரா எண்டு அவனைத்தான் கூப்பிட்டான். திறப்பான் எண்டு நம்பி.”

“அந்தப் பெடியன் இப்ப?” என்று கேட்டேன்.

“அங்கதான். கலியாணம் கட்டிப் பிள்ளையளும் இருக்காம். தாய்க்காரி ஒருக்கா அகதி முகாமுக்கு வந்து அழுதவ. அவன் வரேல்ல. ஒரு நாள் வந்து முன்னால நிண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தம்பி வாறானோ? வரான். எண்டாலும் சொல்லியிருக்கலாம்.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்கட மகனைப் பேரை மாத்தச் சொல்லுங்கோ. அந்தப் பேரை அந்தக் கார்ட்டில கண்ட உடனே எனக்கு விசர் வந்திட்டுது” என்றார்.

“அவனும் அதைத்தான் சொல்றான்” என்றேன். அவர் தலையாட்டினார். அதோடு எல்லாம் சரி என்பது போல எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர் போடச் சொன்னார். குடித்தேன். ஆனால் திரும்பி வரும்போது எனக்கு அது சரியாகப் படவில்லை. வழி நெடுக யோசித்தேன். நீ பெயரை மாற்றிக்கொண்டு போனால், அந்த மனிதரின் முன்னால் நிற்கப் போவது யாரோ ஒருவன். அவருடைய பல்லை உடைத்தவன் இல்லை. ஒரு புதுப் பெயரை மாலை போலப் போட்டுக்கொண்டு, பழைய பெயர்க்காரன் செய்ததற்கு நான் பொறுப்பில்லை என்று நிற்பாய். கொழும்பில் இருக்கும் அந்தப் பெடியனும் ஏதோ ஒரு விதத்தில் அப்படித்தான் இத்தனை காலம் நிற்கிறான்.

ஆகவே நான் உன்னிடம் கேட்பது இதுதான். பெயரை மாற்று, மாற்றாதே, அது உன் விருப்பம். உன் பிள்ளைகளுக்கு அவர்கள் தாயின் பெயரை வைத்தாலும் நான் அவர்களை மடியில் வைத்துக் கொஞ்சுவேன், எழுதவும் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் அதற்கு முதல், இதை வாசித்த கையோடு, லவாலுக்குப் போ. தர்சினியைக் கூட்டிக்கொண்டு போகாதே, என்னையும் கூப்பிடாதே. பூ, பழம், பல் வைத்தியனின் கணக்கு, ஒன்றும் கொண்டு போகாதே, அது பிறகு. கதவைத் தட்டு. அவர் உள்ளே இருந்து “ஆர்?” என்று கேட்பார். தர்சினியின் மாப்பிள்ளை என்று சொல்லாதே. பெரேரா என்று சொல். அவர் கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், நில். திறந்த பிறகு, “நான் அடிச்சது பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். அவர் ஏசினால் கேள். அடித்தால் வாங்கு. ஒரு பெரேரா தன் வாசலுக்கு வந்து அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று அந்த மனிதர் இத்தனை வருடமாகக் காத்திருக்கிறார். வேறு எவனும் வரப்போவதில்லை. நீ போ.

அப்பா